ஷாம்பெய்ன் சுரங்கத்தில் இவரைத் தேடியது

ஆஸ்திரேலியாவுக்கு வந்த முதல் வருஷம் முழுவதும் நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னில் தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரன்ஸ்விக்கில் ஒரு சலவைக் கடைக்கு மேலே, ஓர் அறையும் குசினியும் கொண்ட வாடகை வீடு எங்களுடையது. காஸ் அடுப்பைப் பற்றவைக்க எனக்குப் பயம். கீழே ட்ராம் மணி அடித்தால் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் இவையெல்லாம் சில்லறைப் பயங்கள். பெரிய பயம் ஒன்றுதான் இருந்தது. இவருக்கு ஏதாவது நடந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

இவர் என்றால் என் கணவர். அவரைத் தவிர அந்தக் கண்டத்தில் எனக்கு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. பின்னேரம் வேலையால் வரக் கொஞ்சம் பிந்தினாலும் போதும், ஜன்னலடியில் நின்று, தனியாக எப்படி விமானம் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேருவது, மாமியாரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது வரைக்கும் யோசித்து முடித்திருப்பேன். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் பயம் போய்க் கோபம் வந்துவிடும்.

"ஏன் இவ்வளவு சுணக்கம்?"

"ட்ராம் சுணங்கினால் நான் என்ன செய்யிறது? இறங்கித் தள்ளுறதோ?"

இவர் ஒரு கட்டட நிறுவனத்தில் என்ஜினியராகச் சேர்ந்திருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் இவருடைய மேலதிகாரியின் கையில் இருந்தது. பெரிய உருவம், பெரிய குரல், எதற்கும் முதுகில் தட்டுகிற மனிதர். அவரும் மனைவியும் வருஷா வருஷம், திராட்சை அறுவடை முடிகிற நேரத்தில், மேற்கே ஒரு சின்ன ஊருக்குப் போவார்களாம். அங்கே ஷாம்பெய்ன் செய்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த ஊர் பிரெஞ்சுக் கிராமமாக வேஷம் போட்டுக்கொண்டு திருவிழா நடத்தும். காரில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார். இவர் தலையாட்டிவிட்டு வந்து நின்றார்.

"குடிக்க மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம்தானே?" என்றேன்.

"அவர் குடிக்கவோ கூப்பிட்டவர்? ருசி பாக்க."

"ருசி பாக்கிறதெண்டால் என்ன, மோந்து பாக்கிறதோ?"

"எனக்கும் வடிவாத் தெரியாது. ஆனால் மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? வேலை அவற்ற கையில கிடக்கு."

இவர் குடும்பத்தில் யாரும் குடிக்கிறவர்கள் இல்லை. இவருக்குக் கள்ளின் மணமே பிடிக்காது. அதைச் சொல்லிச் சண்டை பிடித்துப் பார்த்தேன். சனிக்கிழமை விடிய இரண்டு பேரும் வெறும் தேத்தண்ணியோடு புறப்பட்டோம். இவர் வேலைக்குப் போவதுபோலக் கழுத்தை இறுக்கி டை கட்டிக்கொண்டார். நான் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

பல்லரட் கடந்து வெகுதூரம் போனோம். காய்ந்து மஞ்சளாகக் கிடந்த வெளிகளின் நடுவே நேர்க்கோடாய் ரோடு. மேலதிகாரி ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, மற்றக் கையால் ஓட்டினார். நடுநடுவே பின்னால் திரும்பி எங்களோடு பேசவும் செய்தார். அவர் திரும்புகிற ஒவ்வொரு முறையும் நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு பிள்ளையாரை நினைத்தேன். சாப்பிட என்று அவருடைய மனைவி கொண்டுவந்திருந்த சாண்ட்விச்சில் பன்றி இறைச்சி இருந்தது. பசிக்கவில்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஊர் என்று சொன்னது ஒரே ஒரு தெரு. கடைகளுக்கு முன்னால் நீலமும் வெள்ளையும் சிவப்புமாகக் காகிதக் கொடிகள் தொங்கின. செம்மறி வளர்க்கிற ஆண்கள் கறுப்புத் தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொண்டு வெட்கத்தோடு நின்றார்கள். ஒருவர் அக்கோடியன் வாசித்தார். பாலாடைக்கட்டியின் நாற்றம் தெரு முழுக்க. "பிரான்ஸ் இப்படியேதான் இருக்கும்," என்று மேலதிகாரியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனுஷி. பிரான்சுக்கு அவர் போனதேயில்லை என்பது பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது.

ருசி பார்ப்பது ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் நடந்தது. நீள மேசையில் கிளாசுகள். மேசைக்குக் கீழே, மரத்தூள் போட்ட வாளிகள். அந்த வாளி எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலதிகாரி ஒரு வாய் எடுத்தார், கன்னத்துக்குள் உருட்டினார், கண்ணை மூடினார், குனிந்து வாளிக்குள் துப்பினார். பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரப் பெண்மணியும் துப்பினார். கம்பளிக் கோட்டுப் போட்ட பாதிரியார் ஒருவரும் துப்பினார். ஊற்றிக் கொடுத்த மனிதர் அதைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

விருந்துக்குக் கூப்பிட்டவன் கையால் தந்ததை, அவன் முகத்துக்கு நேரே துப்புவதா? எங்கள் ஊரில் அப்படிச் செய்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. நான் கிளாசை உதட்டில் வைத்து எடுத்துவிட்டு, மிக நன்றாக இருக்கிறது என்றேன். பெண் என்பதால் யாரும் அதற்கு மேல் பார்க்கவில்லை. இவரை மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கிளாசை வாயில் வைத்தார், விழுங்கினார். கிளாஸ் காலியானதைக் கண்டு ஊற்றுகிறவர் அடுத்த போத்தலிலிருந்து ஊற்றினார். அதையும் விழுங்கினார்.

நான் கிட்டப்போய், "இஞ்சாருங்கோ, எல்லாரும் துப்புகினம், நீங்களும் துப்புங்கோவன்," என்று மெல்லச் சொன்னேன்.

"விசர்க் கதை கதைக்காதையும். அந்தாள் தந்ததை அந்தாளுக்கு முன்னால துப்புறதோ?"

"அப்ப காணும், இனி வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"சொன்னனான். அவர் சிரிச்சுப்போட்டு மற்றதை ஊத்துறார்."

மேலதிகாரி இவர் முதுகில் தட்டி, இந்த மனிதருக்கு நல்ல தாகம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இவரும் சிரித்தார். காதுகள் சிவந்து, கண் பளபளத்து, நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. என்னுடைய ஒரே ஆள் எனக்குத் தெரியாத ஆளாக மாறிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் தங்கம் தோண்டினார்களாம். தங்கம் தீர்ந்ததும், வேலையில்லாமல் நின்ற அதே ஆட்களை வைத்து ஷாம்பெய்ன் போத்தல்களைக் குளிர்ச்சியாக வைக்க நிலத்துக்குள் வழிவழியாகக் குடைந்துவிட்டார்கள். நிலவறைக்குப் பொறுப்பான மெலிந்த மனிதர் ஒருவர் டார்ச்சோடு முன்னால் போனார். நாங்கள் நாலு பேரும் பின்னால். படி இறங்க இறங்கக் குளிர் சேலைக்குள் ஏறியது. சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம். தூரத்துக்கு ஒன்றாக மின்குமிழ்கள் மங்கலாக எரிந்தன. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் போத்தல்கள் அடுக்கியிருந்தார்கள்.

எங்கேயோ 'டும்' என்று ஒரு சத்தம். நான் அலறியே விட்டேன். அழுத்தம் தாங்காமல் எப்போதாவது ஒரு போத்தல் வெடிக்கும், பயப்பட வேண்டாம் என்றார் நிலவறைக்காரர். நான் இவருடைய கையைப் பிடித்தேன். உள்ளங்கை பனிக்கட்டியாகக் குளிர்ந்து, வேர்த்து நனைந்திருந்தது.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டுமில்லை. சத்தம் போடாதையும்."

அந்த நேரம் பார்த்து மேலதிகாரியின் மனைவி என் மற்றக் கையைப் பிடித்து இழுத்தார். ஓட்டை போட்ட பலகைகளில் போத்தல்களைத் தலைகீழாகச் செருகியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டுமாம், மண்டி கழுத்துக்கு இறங்குவதற்கு. என்னையும் ஒன்றைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணவில்லை.

முன்னால் மேலதிகாரியோடு போயிருப்பார் என்று நினைத்தேன். வளைவைத் தாண்டிப் போனால் மேலதிகாரி நிலவறைக்காரரோடு பேசிக்கொண்டு நிற்கிறார். இவர் என்னோடு இருக்கிறார் என்று அவர் நினைத்திருக்கிறார். மேலே போயிருப்பார் என்று சொல்லி, நிலவறைக்காரர் படியேறிப் பார்த்துவிட்டு வந்தார். வாசலில் நின்ற பையன் யாரும் வெளியே வரவில்லை என்றானாம். இதைச் சொல்லும்போது அந்த மெலிந்த மனிதரின் முகம் மாறியிருந்தது. அவர் மேலதிகாரியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். என்னுடைய இங்கிலிஷ் புத்தக இங்கிலிஷ். 'பழைய' என்பதும் 'தண்ணீர்' என்பதும் மட்டும் காதில் விழுந்தன.

"என்ன சொல்கிறார்?" என்று மேலதிகாரியின் மனைவியைக் கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை. சங்கிலி போட்டு மறித்த ஒரு பக்கவழி இருக்கிறதாம். வெளிச்சம் இல்லை. அதன் முடிவில் தங்கம் தோண்டிய காலத்துக் கிணறு போன்ற குழி, நிறையத் தண்ணீர், மேலே உக்கிப்போன பலகைகள். ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் கையைக் கீழே காட்டினார், பிறகு கையை எடுத்து என் தோளில் வைத்தார்.

சங்கிலிக்கு முன்னால் போய் நின்றோம். நிலவறைக்காரர் டார்ச் அடித்தார். சங்கிலிக்கு அந்தப் பக்கம், ஈர நிலத்தில், இவருடைய டை கிடந்தது.

அதைப் பார்த்ததும் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை. நிலவறைக்காரர் எங்களை அசைய வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைத் தாண்டி மெல்ல மெல்ல உள்ளே போனார். வெளிச்சம் அவரோடு போய்விட்டது. மேலதிகாரி வாயில் கைகுவித்துக் கூப்பிட்டார். இவருடைய நீண்ட பெயரை அலுவலகத்தில் வெட்டி, நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற அளவுக்குக் குறுக்கி வைத்திருந்தார்கள். அந்தத் துண்டைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். சுரங்கம் அதை வாங்கி வாங்கித் திருப்பித் தந்தது.

"நீங்கள் கூப்பிடுங்கள்," என்றார் அவர் மனைவி. "உங்கள் குரல் அவருக்குத் தெரியும்."

"இஞ்சாருங்கோ!" என்று கூப்பிட்டேன். "இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்?"

உள்ளே எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"அதுதான் அவருடைய முழுப்பெயரா?" என்று மேலதிகாரி கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மயங்கிக் கிடக்கிறவனுக்குப் பெயர்தான் காதில் ஏறும்."

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் இவருடைய பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவரும் சொல்வதில்லை. என் சின்னம்மாவின் கணவருக்கு ஒரு கடவுளின் பெயர். சின்னம்மா தேவாரம் படிக்கும்போது அந்தப் பெயர் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்று, அது கடந்ததும் சேர்ந்துகொள்வார். பெண்சாதி பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்பது நம்பிக்கை. நான் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். இவர் அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்: "பேரைச் சொன்னால் ஆயுள் குறையுமெண்டால், உலகத்தில வெள்ளைக்காரன் ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டான்." நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, சொல்ல மாட்டேன்.

வீட்டில் இருந்து சிரிப்பது வேறு. இங்கே இவருடைய ஆயுள் உக்கிப்போன ஒரு பலகையின் மேல் நின்றது. அதில் நானே ஒரு பிடியை எடுப்பதா? மேலதிகாரியும் மனைவியும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவள் ஏன் கூப்பிடாமல் நிற்கிறாள் என்று அவர்களுக்கு எப்படி விளங்கும்?

உள்ளே பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நிலவறைக்காரர் ஏதோ கத்தினார். பிறகு, தண்ணீருக்குள் ஒன்று விழுந்த சத்தம்.

எனக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆயுள் குறைவதற்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். அடிவயிற்றிலிருந்து இவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெட்டாத, முழுப் பெயர். மாமனாரின் பெயரையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி. ஒரு முறை சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னுடைய குரல் எனக்கே யாரோ செத்த வீட்டில் அழுகிற குரலாகக் கேட்டது.

"இஞ்சை இருக்கிறன்."

கிட்டத்தான். பக்கவழியில் சில அடி தள்ளி, வெற்றுப் போத்தல் பெட்டிகளை அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"இஞ்சைதான் இருக்கிறன். கத்தாதையும்."

நிலவறைக்காரர் வெளிச்சத்தோடு திரும்பி ஓடிவந்தார். அவர் கால் வைத்த பலகையில் ஒரு துண்டுதான் முறிந்து தண்ணீருக்குள் போயிருந்தது. பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து இவர் எழுந்து வந்தார். சத்தி எடுத்து, சட்டையின் முன்பக்கம் முழுக்க வாந்தியாக இருந்தது. இரண்டு கையாலும் கோட்டை அதற்கு மேல் பிடித்து மறைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நிலவறைக்காரர் ஒரு பெட்டியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். நெருப்புக்குச்சி இரண்டு தரம் அணைந்தது.

"ஏன் நீங்கள் துப்பவில்லை?" என்று மேலதிகாரி கேட்டார்.

"அது மரியாதை இல்லை, சேர்," என்றார் இவர்.

மேலதிகாரி சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றி இவரிடம் நீட்டினார். வேலையைப் பற்றி அவர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த கிழமையும் சொல்லவில்லை. இவர் ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தார். மழைக்காலத்தில் ஒருநாள் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வந்து சொன்னார், அவ்வளவுதான்.

சொல்ல வந்தது அதுவல்ல. அன்று பின்னேரம், தெருவில் இன்னும் அக்கோடியன் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கியிருந்த விடுதி அறையில் இவர் நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தார். நான் கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் இருந்த மனிதர் ஏன் குரல் கொடுக்கவில்லை?

"மயங்கிக் கிடந்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப அவர் கூப்பிட்டது கேட்டதோ?"

"ஓம்."

"நான் கூப்பிட்டது?"

துணியைக் கண்ணுக்கு மேல் இழுத்துக்கொண்டார். "அதுவும் கேட்டது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஈரத்துணியை எடுத்து முகத்தில் எறிந்திருப்பேன். "உயிர் போய் நிண்டனான். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் போட்டுதோ?"

"எப்பிடிச் சொல்லுறது? அந்த மனிசன் உமக்குப் பக்கத்தில நிக்கிறார். நான் சத்தி எடுத்து நாறிப்போய் இருக்கிறன். அந்தக் கோலத்தில அவருக்கு முன்னால வந்து நிண்டால், திங்கக்கிழமை எந்த முகத்தோட வேலைக்குப் போறது? எல்லாரும் அங்கால போகட்டும், பிறகு மெல்ல வருவம் எண்டு இருந்தனான்."

"பிறகேன் வந்தனீங்கள்? அப்பிடியே இருந்திருக்கலாம்தானே?"

இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீர் பேரைச் சொன்னனீர்," என்றார். "நான் செத்துப்போனன் எண்டு நீர் முடிவு கட்டிட்டீர் எண்டு விளங்கிச்சுது. அதுக்குப் பிறகு என்ன மானமும் மண்ணாங்கட்டியும்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சுரங்கத்துக்குள் வராதது முழுக்கச் சேர்ந்து வந்தது. இவர் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "பேரைக் கனதரம் சொல்லிப்போட்டன். ஆயுள் குறைஞ்சிருக்கும்," என்றேன். வழக்கம்போல வெள்ளைக்காரன் கதையை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இனிச் சொல்லாதையும்," என்றார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. என் கையை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார், நான் காரில் கதவைப் பிடித்திருந்த மாதிரி.